பழைய பென்ஸ் 230இ, கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன்: நெல்லைப் பக்கம் நம்பிக் கொடுக்க யார் இருக்கா?

தாமிரபரணிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1983 மாடல் மெர்சிடிஸ் 230இ. டபிள்யூ123 பாடி, எம்102 எஞ்சின், 2299 சிசி. பாஷ் கே-ஜெட்ரானிக் சிஸ்டம் (கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்), எதையும் மாத்தல. திருநெல்வேலி டவுன்ல நிக்குது. மாசத்துக்கு ரெண்டு, மூணு தடவைதான் வெளிய எடுக்கிறது.

கம்ப்ளெய்ன்ட் ரெண்டு. காலையில ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகுது. தென்காசி வரைக்கும் ஓட்டிட்டு வெயில்ல அரை மணி நேரம் நிறுத்திட்டு வந்து சாவி போட்டா, 20, 25 செகண்ட் செல்ஃப் அடிச்சாத்தான் பிடிக்குது. பிடிச்ச பொறவும் கொஞ்ச நேரம் மிஸ்ஸிங். அடுத்தது, எஞ்சின் சூடானதும் ஐடில் 650-க்கும் 900-க்கும் நடுவுல ஆடுது. ரோட்ல ஓடும்போது பிக்கப்ல குறை இல்லை.

மூணு இடத்துல காட்டியாச்சு. ஒருத்தர் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டரே (பெட்ரோலைப் பிரிச்சு ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்புற பாகம்) போயிட்டு, வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும்ங்கிறார். இன்னொருத்தர் கார்புரேட்டர் போட்டுத் தர்றேங்கிறார். ஒரு டீசல் பம்ப் லேப்ல, கழட்டிக் கொண்டாங்க, பெஞ்சுல ஏத்திப் பாத்துருவோம்னாங்க. மூணு பேருமே பிரஷர் கேஜ் வச்சுப் பாக்கல. கே-ஜெட் தெரிஞ்சவங்கன்னு யாரை நம்புறது, எப்படிக் கண்டுபிடிக்கிறது? நெல்லை, நாகர்கோவில், தூத்துக்குடி, மதுரை எங்கனாலும் சரி.

பாளை பட்டறை

அண்ணாச்சி, மூணு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஒதுக்கி வைங்க. நீங்க சொல்ற அறிகுறிக்கு டிஸ்ட்ரிபியூட்டர்ங்கிறது கடைசியாச் சந்தேகப்பட வேண்டிய பொருள். காலையில ஒரே சாவியில பிடிக்குது, ரோட்ல பிக்கப் குறையலன்னா உள்ள பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கிற தண்டு, அதாவது பிளஞ்சர், ஒழுங்காத்தான் ஏறி இறங்குது.

சூட்டுல ஸ்டார்ட் ஆகாததுக்குக் காரணம் பெரும்பாலும் மிச்ச பிரஷர் நிக்காததுதான். எஞ்சினை நிறுத்தின பொறவு பானட்டுக்குள்ள சூடு இறங்காது, இன்னும் ஏறும். லைன்ல பிரஷர் நின்னா பெட்ரோல் கொதிக்காது. பிரஷர் கசிஞ்சு போனா இன்ஜெக்டர் குழாயில இருக்கிற பெட்ரோல் ஆவியாயிரும். நீங்க 25 செகண்ட் செல்ஃப் அடிக்கிறது அந்த ஆவியை வெளிய தள்ளத்தான். நம்ம ஊர் சித்திரை வெயில்ல இது ரெண்டு மடங்காத் தெரியும். அதே வண்டி ஊட்டியில ஒரு குறையும் காட்டாம நிக்கும்.

கேஜ் நீங்களே வாங்கிருங்க. 10 பார் வரை அளக்கிற கேஜ், மூணு வழி வால்வு, நாலஞ்சு அடாப்டரோட ஆன்லைன்ல செட்டாவே கிடைக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் தலையில இருந்து வார்ம்-அப் ரெகுலேட்டருக்கு (சூட்டுக்கு ஏத்தபடி கண்ட்ரோல் பிரஷரை மாத்துற பாகம்) போற குழாய்க்கு நடுவுல அதை மாட்டணும், வால்வு ரெகுலேட்டர் பக்கமா இருக்கணும். வால்வை அடைச்சா கேஜ்ல தெரியுறது சிஸ்டம் பிரஷர், 5 பாரை ஒட்டி வரணும். திறந்து விட்டா கண்ட்ரோல் பிரஷர், அதாவது பிளஞ்சரை மேல இருந்து அழுத்துற பிரஷர். அது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குறைவா இருந்து, ரெகுலேட்டர் சூடாகச் சூடாக சில நிமிஷத்துல 3.4-ல இருந்து 3.8-க்குள்ள வந்து நிக்கணும். கையேட்டுல குளிர் அளவு 20 டிகிரிக்குப் போட்டிருக்கும். இங்க விடியக்காலையே 27, 28 டிகிரி. அதனால கேஜ் கொஞ்சம் கூடுதலாக் காட்டும், அதைப் பழுதுன்னு எடுத்துக்கப்படாது. கையேட்டுல வெப்பநிலைக்கும் பிரஷருக்கும் ஒரு கோடு வரைஞ்சிருப்பான், அதுல நம்ம வெப்பத்துக்கு நேரா என்ன வருதுன்னு பாருங்க.

ஓடின எஞ்சினை நிறுத்தினதும் வால்வைத் திறந்தபடியே விட்டுட்டு கடிகாரத்தைப் பாருங்க. 10 நிமிஷம் கழிச்சும் 2.5 பார் பக்கம் நிக்கணும். ரெண்டு நிமிஷத்துல ஒண்ணுக்குக் கீழ போச்சுன்னா உங்க வியாதி அதுதான்.

ஐடில் ஆட்டத்துக்கு முதல்ல காத்துக் கசிவு. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைத் திறங்க. கே-ஜெட்ல எஞ்சின் உடனே தடுமாறணும், நின்னுரவும் செய்யும். ஒரு மாத்தமும் இல்லைன்னா ஏற்கெனவே வேற எங்கயோ காத்து இழுக்குதுன்னு அர்த்தம். இன்ஜெக்டரைச் சுத்தி இருக்கிற ரப்பர் சீல் 40 வருஷத்துல பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போயிருக்கும். ரெண்டு விரலால இன்ஜெக்டரை அசைச்சுப் பாருங்க. லொடலொடன்னு ஆடினா சீல் போயாச்சு.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். இதெல்லாம் பாத்து முடியுற வரைக்கும் அந்த 3 மி.மீ. அலன் கீயைக் கொண்டு மிக்ஸர் ஸ்க்ரூவை (பெட்ரோல், காத்துக் கலவையை மாத்துற ஸ்க்ரூ) தொட யாரையும் விடாதீங்க. காத்துக் கசிவை வச்சுக்கிட்டு ஸ்க்ரூவைத் திருப்பினா ஐடில் சரியான மாதிரி இருக்கும், ஓட்டத்துல கெட்டுப்போகும். பொறவு பழைய இடம் எதுன்னு யாருக்கும் தெரியாது.

நாரோயில்காரன்

பாளை அண்ணன் சொன்னது முழுக்க சரி. நீங்க கேட்ட மத்த கேள்விக்கு, அதாவது ஆளை எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு, நான் சொல்றேன்.

பெரிய போர்டு, பாஷ் ஸ்டிக்கர் எல்லாம் பார்த்து ஏமாற வேண்டாம். போன்ல நாலு கேள்வி கேளுங்க. கே-ஜெட்டுக்கும், அதுக்குப் பின்னால எலக்ட்ரானிக்ஸ் சேர்த்து வந்த கேஇ-ஜெட்டுக்கும் என்ன வித்தியாசம்? கேஇ-யில டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டுல வயர் போற ஒரு ஆக்சுவேட்டர் ஒட்டியிருக்கும், உங்க 230இ-யில அது கிடையாது. இதைச் சொல்லத் தெரியாதவர் இந்த சிஸ்டத்தைத் தொட்டதே இல்லை. கேஜ் சொந்தமா வச்சிருக்காரா? கண்ட்ரோல் பிரஷர் எவ்வளவு வரணும்னு கேட்டா மூணரைக்குப் பக்கத்துல ஒரு எண் வாயில வரணும். கடைசியா, ஸ்கேனர் மாட்டிப் பார்க்கலாமான்னு கேட்டுப் பாருங்க. பார்க்கலாம்னு சொன்னா நன்றி சொல்லி வச்சிருங்க. இந்த சிஸ்டத்துல கம்ப்யூட்டரே கிடையாது, சென்சார் பிளேட்டைக் காத்து தள்ளுது, பிளேட் பிளஞ்சரைத் தள்ளுது, அவ்வளவுதான்.

இன்ஜெக்‌ஷனுக்கு வர்றதுக்கு முன்னால பிளக், இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டர் கேப், டைமிங், கம்ப்ரஷன் நாலையும் பார்த்து எழுதித் தர்றேன்னு சொல்றவரா இருந்தா அவர்கிட்ட வண்டியை விடலாம். ரீடிங் எல்லாம் பேப்பர்ல வேணும், கழட்டின பழைய சாமான் எல்லாம் திரும்ப வேணும்னு முதல்லயே பேசிக்கோங்க. நல்ல மெக்கானிக் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.

டீசல் லேப் விஷயம். நம்ம பக்கம் லாரி, டிராக்டர், போட் இருக்கிறதால டீசல் பம்ப் லேபுக்குப் பஞ்சமில்லை, கை சுத்தமான ஆட்களும் உண்டு. ஆனா அவங்க டீசல் இன்ஜெக்டரைப் பாக்குறது 100 பாருக்கு மேல. அவங்க கை பம்புல இருக்கிற கேஜ் 400 பார் வரைக்கும் போகும். உங்க இன்ஜெக்டர் திறக்கிறது சுமார் மூணரை பாருக்கு. அந்தக் கேஜ்ல முள் அசையுறதுகூடத் தெரியாது. அதனால அல்ட்ராசோனிக் தொட்டியில இன்ஜெக்டரைக் கழுவித் தரச் சொல்லுங்க, அது அவங்க நல்லாவே செய்வாங்க. டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் கொடுத்துராதீங்க. மேல் பாதி, கீழ் பாதி சேர்க்கிற ஸ்க்ரூவை யாராவது கழட்டினா உள்ள இருக்கிற மெல்லிசுத் தகடும் ஸ்பிரிங்கும் இடம் மாறும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் போற அளவு ஒண்ணுக்கொண்ணு வேறயாயிரும், அதைத் திரும்ப சரிபண்ண ஃப்ளோ பெஞ்ச் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் போற அளவை அளக்கிற மெஷின்) வேணும்.

கார்புரேட்டர் யோசனையை அடியோட விட்டுருங்க. கார்புரேட்டர் ஒண்ணை உக்கார வைக்கிறதோட அது முடியாது. 5 பார் பம்பை எடுத்துட்டுக் கால் பார் பக்கம் தர்ற பம்ப் போடணும், மேனிஃபோல்டு மாத்தணும், ஆக்சிலேட்டர் லிங்க் மாத்தணும். கழட்டின சாமானைப் பாதி பேர் தொலைச்சிருவாங்க. ஒரிஜினலா இருக்கிற 230இ-க்கு அது பெரிய பாவம்.

தூத்துக்குடி கடல்காத்து

யாரும் பெட்ரோலைப் பத்தி பேசலையே. 1983-ல இந்த வண்டியை டிசைன் பண்ணினவன் இ20-ஐ நினைச்சுப் பண்ணல. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். மாசத்துக்கு ரெண்டு தடவை ஓடுற வண்டியில, ஐப்பசி கார்த்திகை மழையில, டேங்க் அடியில தண்ணி பிரிஞ்சு நிக்கும். இரும்பு டேங்க் உள்ள இருந்து துருப்பிடிக்கும். எங்க ஊர், திருச்செந்தூர், உவரி மாதிரி உப்புக்காத்து இடங்கள்ல இன்னும் சீக்கிரம். அந்தத் துருத்தூள் போய் முட்டுற இடம் டிஸ்ட்ரிபியூட்டர் பிளஞ்சர். அதுக்கும் அதோட சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிறது சில மைக்ரான் இடைவெளிதான்.

அதனால டேங்கைக் காலி பண்ணி, அடியில இருக்கிற ஸ்ட்ரெய்னரை 46 மி.மீ. சாக்கெட் போட்டுக் கழட்டிப் பாருங்க. வலையில பழுப்புக் களிம்பு மாதிரி ஒட்டியிருந்தா டேங்கை இறக்கிக் கழுவாம மேல எந்தச் சாமானும் புதுசு போடாதீங்க. புது பம்ப், புது ஃபில்டர் போட்டு மூணு மாசத்துல அடைச்சுப் போற கதை இப்படித்தான் நடக்குது.

ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் மாத்துங்க. மேல எஸ்ஏஇ ஜே30 ஆர்9-னு (இன்ஜெக்‌ஷன் வண்டி ஹோஸுக்கான தரம்) அச்சடிச்சிருக்கணும். மீட்டர் கணக்குல வெட்டித் தர்ற சாதா கறுப்பு ஹோஸ் எத்தனால்ல ஊறி உள்பக்கம் உரிஞ்சு வரும், வெளிய பார்த்தா புதுசு மாதிரியே இருக்கும். ஓ-ரிங் வைட்டான்ல கேளுங்க. சாதாரண நைட்ரைல் ரிங் கொஞ்ச நாள்ல உப்பிரும்.

இன்னொண்ணு, சுத்த பெட்ரோலுக்குக் காத்து 14.7 மடங்கு வேணும், இ20-க்குப் பதிமூணரை மடங்கு பக்கம். உங்க வண்டியில லாம்டா சென்சார் (புகையில ஆக்சிஜனைப் பாத்துக் கலவையைச் சொல்றது) இல்லாததால தானா சரிபண்ணிக்கத் தெரியாது. பழைய செட்டிங்கிலேயே விட்டா 7, 8 சதவீதம் லீனா, அதாவது பெட்ரோல் குறைவா, ஓடும். உங்க ஐடில் ஆட்டத்துல இதுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

தாமிரபரணிக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கேஜ் செட் வந்தாச்சு, நேத்து அளந்தேன். காலையில 29 டிகிரி.

சிஸ்டம் பிரஷர் 5.2. கண்ட்ரோல் பிரஷர் ஆரம்பத்துல 1.9, அஞ்சு நிமிஷத்துல 3.6-ல நின்னுட்டு. நிறுத்தினதும் 3.1-க்கு இறங்குச்சு, ரெண்டு நிமிஷத்துல 0.8, நாலாவது நிமிஷம் பூஜ்யம். ஆயில் மூடியைத் திறந்தா எஞ்சின் லேசாத் தடுமாறுது, நிக்கல. மூணாவது இன்ஜெக்டர் கையில ஆடுது. டேங்க் ஸ்ட்ரெய்னர்ல கொஞ்சம் தூள், களிம்பு இல்லை.

மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்புற ரிட்டர்ன் லைனைக் கழட்டி பாட்டில்ல விட்டு அளந்தேன், 40 செகண்டுக்கு 1.1 லிட்டர்.

பாளை பட்டறை

அருமையா அளந்திருக்கீங்க அண்ணாச்சி. 40 செகண்டுக்கு 1 லிட்டர் வந்தாப் போதும், உங்க பம்ப் மோட்டார் நல்லாத்தான் இருக்கு. 5.2, 3.6 ரெண்டுமே சரி. ஆக டிஸ்ட்ரிபியூட்டரும் வார்ம்-அப் ரெகுலேட்டரும் தப்பிச்சாச்சு. பெருந்தொகை மிச்சம்.

இப்ப கசிவு எங்கேன்னு பிரிக்கணும். பழைய ஹோஸ்ல கிளாம்ப் போட்டா வெடிச்சுரும், அதனால தூத்துக்குடி அண்ணன் சொன்னபடி ஹோஸை மாத்திட்டுப் பொறவு இதைச் செய்யுங்க. வாய் மழுங்கலா இருக்கிற கிளாம்ப்தான் போடணும்.

எஞ்சினை நிறுத்தின உடனே டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல இருக்கிற ஹோஸை இறுக்குங்க. பிரஷர் நின்னுட்டுன்னா பம்ப் வாயில இருக்கிற செக் வால்வுதான் போயிருக்கு. பெட்ரோல் பம்ப் வழியாவே டேங்குக்குத் திரும்பி ஓடுது. அப்பவும் இறங்கினா, மறுபடி ஓட்டி நிறுத்தி ரிட்டர்ன் ஹோஸை இறுக்குங்க. அதுல நின்னா டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டுல இருக்கிற பிரஷர் ரெகுலேட்டரோட ஓ-ரிங். அதை வெளிய இருந்தே மாத்தலாம், தலையைப் பிரிக்க வேண்டாம். ரெண்டுக்கும் அசையலன்னா மூணு வழி வால்வை அடைச்சுப் பாருங்க, அதுல நின்னா வார்ம்-அப் ரெகுலேட்டர் பக்கம்.

எஞ்சின் நின்ன பொறவு பிரஷரைப் பிடிச்சு வைக்கிற அக்குமுலேட்டரைத் தனியாப் பாக்கணும். பின் ஆக்சில் பக்கம் அடியில பம்ப், ஃபில்டரோட ஒண்ணா மாட்டியிருக்கிற உருண்டை டப்பா அது. அதுல இருந்து மெல்லிசா ஒரு ஹோஸ் டேங்க் பக்கம் போகும். டப்பாவோட அந்த முனையைக் கழட்டிப் பம்பை ஓட விடுங்க. ஒரு துளி பெட்ரோல்கூட வரப்படாது. சொட்டினா உள்ள டயஃப்ரம் கிழிஞ்சாச்சு.

இதுல ஒண்ணும் சிக்கலன்னா இன்ஜெக்டரும் கோல்ட் ஸ்டார்ட் வால்வும். நாலு இன்ஜெக்டரையும் குழாயோட வெளிய எடுத்து, நாலு கண்ணாடிப் பாட்டில்ல விடுங்க. இக்னிஷன் காயில் வயரைக் கழட்டிருங்க, பக்கத்துல தீயணைப்பான் வைங்க, வாசல் திறந்த இடமா இருக்கட்டும். பம்ப் ரிலே சாக்கெட்ல 30-ம் எண் முனையையும் 87-ம் எண் முனையையும் ஃப்யூஸ் வச்ச வயரால இணைச்சாப் பம்ப் ஓடும். பம்ப் ஓடி, பிளேட்டைத் தொடாம இருக்கும்போது எந்த முனையிலயும் சொட்டு விழப்படாது. பொறவு பிளேட்டைப் பைய அழுத்துங்க. பென்ஸ்ல பிளேட் கீழ அழுத்துறது, வோல்வோ, கோல்ஃப்ல மேல தூக்கறது. நாலு முனையிலயும் கூம்பு மாதிரி புகையாத் தெளிக்கணும், ஒத்தக் கோடா அடிக்கப்படாது. நாலு பாட்டில்லயும் அளவு 10, 15 சதவீதத்துக்குள்ள ஒத்திருக்கணும். இன்ஜெக்டர் எஞ்சின்ல மாட்டியிருக்கும்போது பம்பை ஓட விட்டுட்டுப் பிளேட்டை அழுத்திறாதீங்க, சிலிண்டருக்குள்ள பெட்ரோல் நிறைஞ்சு போகும்.

நாரோயில்காரன்

ஒரு சின்ன சேர்க்கை. ரிலே சாக்கெட்டைத் தொடும்போதே பம்ப் ரிலேயையும் கழட்டி மூடியைத் திறந்து பாருங்க. போர்டுல பின் வர்ற இடத்துல ஈயத்தைச் சுத்தி மயிரிழை வட்டமா ஒரு விரிசல் தெரியும், லென்ஸ் வச்சாத்தான் கண்ணுக்குப் படும். சூட்டுல அந்த விரிசல் விலகி வண்டி நடுரோட்டில நிக்கும், ஆறினதும் ஓடும். உங்களுக்கு இன்னும் அது வரல. ஆனா 40 வருஷ ரிலேயில வராம இருக்காது. டிவி ரிப்பேர் கடையில பத்து நிமிஷத்துல புதுசா ஈயம் வச்சுத் தருவாங்க.

பெட்ரோல் குழாயை மாட்டுற, நடுவுல ஓட்டை உள்ள பேஞ்சோ போல்ட்ல இருக்கிற செம்பு வாஷரை ஒவ்வொரு தடவை கழட்டும்போதும் மாத்தணும். பழசையே போட்டு அதிகமா முறுக்கினா டிஸ்ட்ரிபியூட்டர்ல திருகு மரை போயிரும்.

தாமிரபரணிக்கரை

ஹோஸ் எல்லாம் ஆர்9-ல மாத்தியாச்சு. டேங்க் பக்க ஹோஸை இறுக்கினதும் பிரஷர் அப்படியே நின்னுட்டு, 10 நிமிஷம் கழிச்சு 2.6. அக்குமுலேட்டர் ஹோஸ் காஞ்சு கிடக்கு. அப்ப செக் வால்வுதானா? முழு பம்பும் வாங்கணுமா?

பாளை பட்டறை

செக் வால்வேதான், சந்தேகமே வேண்டாம். முழு பம்ப் வேண்டாம், மோட்டார்தான் நல்லா இருக்கே. பம்ப் வெளிவாயில திருகியிருக்கிற வால்வு தனியாவே கிடைக்கும். பம்ப் உடம்புல 0 580 254-னு தொடங்குற பாஷ் எண் இருக்கும், அதை முழுசாப் படம் எடுத்து அனுப்பி, அதுக்குப் பொருந்துற வால்வைக் கேளுங்க. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்"னு சொன்னா வாங்காதீங்க, மரை அளவு மாறும். பம்பை ஒரு ஸ்பேனரால பிடிச்சுக்கிட்டு வால்வைத் திருப்புங்க, இல்லைன்னா பம்ப் தலை சுத்திக்கும். ரெண்டு பக்கமும் புது செம்பு வாஷர்.

அதோட நாலு இன்ஜெக்டர் சீலும், ஹோல்டர் ஓ-ரிங்கும் ஒரே நாள்ல மாத்திருங்க. புது சீல்ல ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவி, நேரா அழுத்தினா உள்ள போயிரும். சுத்தியல் வேண்டாம்.

இது ரெண்டும் முடிஞ்ச பொறவுதான் மிக்ஸர். எஞ்சின் நல்லா சூடாகட்டும், ஏசி ஆஃப். புகை டெஸ்ட் எடுக்கிற இடத்துக்குப் போங்க. சர்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வராம, குழாயைச் சைலன்சர்ல விட்டபடி கார்பன் மோனாக்சைடு எண்ணை ஸ்கிரீன்ல காட்டச் சொல்லுங்க. ஐடில்ல 1 சதவீதம் பக்கம் வரணும். 0.3, 0.4-னு காட்டினா லீன். அலன் கீயை வலது பக்கமா கால் சுத்துக்கும் குறைவாத் திருப்புங்க, கீயை வெளிய எடுங்க, ஒரு தடவை ஆக்சிலேட்டர் கொடுங்க, அரை நிமிஷம் பொறுத்து மறுபடி பாருங்க. கீயை உள்ள வச்சுக்கிட்டே ஆக்சிலேட்டர் கொடுத்தா லிவர் வளைஞ்சுரும். எத்தனை திருப்பு திருப்பினீங்கன்னு எழுதி வைங்க.

தாமிரபரணிக்கரை

வால்வுக்கு ஆர்டர் போட்டாச்சு. மாட்டுற வேலைக்கு ஜங்ஷன் பக்கம் ஒருத்தரைப் பிடிச்சிருக்கேன், நாரோயில் அண்ணன் சொன்ன கேள்வியில மூணுக்கு சரியாச் சொன்னார், கேஜ் மட்டும் அவர்ட்ட இல்லை. என் கேஜை வச்சே பாத்துக்கலாமா? ஒருவேளை பின்னால டிஸ்ட்ரிபியூட்டரே போச்சுன்னா என்ன செய்யுறது?

நாரோயில்காரன்

தாராளமா விடுங்க. கேஜ் யாருடையதுன்னு முக்கியமில்லை, பாத்துட்டுக் கை வைக்கிறாரான்னுதான் முக்கியம்.

டிஸ்ட்ரிபியூட்டர் போற நாள் வந்தா வண்டியை லாரியில ஏத்த வேண்டாம். கோயம்புத்தூர், பெங்களூரு, சென்னை மாதிரி ஊர்ல பழைய பென்ஸ் பாக்கிற பட்டறைகள்ல ஃப்ளோ பெஞ்ச் இருக்கான்னு முதல்ல கேட்டுட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் பார்சல் அனுப்பலாம். காத்து மீட்டரோட சேர்க்கிற மூணு ஸ்க்ரூ மட்டும்தான் கழட்டணும். தூக்கும்போது அடியில ஒரு விரலை வச்சுக்கோங்க, பிளஞ்சர் நழுவி விழும். தரையில விழுந்த பிளஞ்சர் கீறினா அதோட முடிஞ்சுது, வேற டிஸ்ட்ரிபியூட்டரோட பிளஞ்சர் இதுல சேராது. எல்லா ஓட்டையையும் பிளாஸ்டிக் மூடியால அடைச்சு, 0 438 100-னு தொடங்குற எண்ணைப் படம் எடுத்து வச்சுக்கிட்டு அனுப்புங்க. திரும்பி வர்றது அதே எண்தானான்னு பாக்கணும். கூடவே ஒவ்வொரு சிலிண்டரும் நிமிஷத்துக்கு எத்தனை மில்லி கொடுக்குதுன்னு போட்ட சீட்டும் கேட்டு வாங்குங்க.

தாமிரபரணிக்கரை

வால்வும் சீலும் மாட்டியாச்சு. நிறுத்தி 10 நிமிஷத்துல 2.7, அரை மணி நேரம் கழிச்சு 2.4. மத்தியானம் பாபநாசம் போய், வெயில்ல முக்கால் மணி நேரம் நிறுத்திட்டு சாவி போட்டேன், ரெண்டாவது செகண்ட்ல பிடிச்சிட்டு. ஆயில் மூடியைத் திறந்தா எஞ்சின் நிக்குது. கார்பன் மோனாக்சைடு 0.4 காட்டுச்சு, மூணு சின்னத் திருப்புல 0.9. ஐடில் 800-ல நிக்குது. பழைய வால்வைக் குலுக்கினா உள்ள குண்டு ஒட்டிக்கிட்டு அசையல, உக்காருற இடத்துல துருப்பொடி.

தூத்துக்குடி கடல்காத்து

அந்தப் பொடி டேங்க்ல இருந்து வந்ததுதான். ஸ்ட்ரெய்னர், ஃபில்டர் ரெண்டையும் மூணு மாசத்துல ஒரு தடவை மறுபடி கழட்டிப் பாருங்க. வண்டி நிக்கும்போது டேங்கை முக்காலுக்கு மேல வச்சிருங்க, காத்து நிக்க இடம் குறைஞ்சா ஈரமும் குறையும்.